25 மீட்டர் தள்ளி ஒரு நம்பர் பிளேட்

செம்பரம்பாக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் டீ குடிக்க லாரியை நிறுத்தும் டிரைவர்களிடம் ‘படிவம் 1ஏ’ என்றால் விழிப்பார்கள். ‘டாக்டர் சர்ட்டிபிகேட்’ என்றால் சிரிப்பார்கள். கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும் என்ற நினைப்புதான்!

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள படிவம் அது. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான நிறக்குருடு உண்டா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, கை கால் மூட்டுகள் சரியா என டாக்டர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குத் தனிக் கட்டம் கிடையாது. கனரக வாகன லைசென்ஸ் முன்பு 3 ஆண்டு செல்லும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் 5 ஆண்டு. ஐம்பது வயசுக்கு மேல் கண்ணுக்கு ஐந்து வருஷம் ரொம்ப நீளம்.

இங்கே 52 வயது டிரைவர் ஒருவருக்கு அடுத்த மாதம் ரினியூவல். பகலில் எல்லாம் பளிச். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ராத்திரி திரும்பும்போதுதான் எதிர் லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி. கூட வரும் மச்சான் பையனுக்கு மட்டுமே விஷயம் தெரியும்.

“ஆஸ்பத்திரி போலாம் மாமா.”

“போனா லைசென்ஸ் போயிடும்டா. வீட்ல அடுப்பு எப்படி எரியும்?”

இப்படிக் கூசுவது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். ஆபரேஷனில் சரியாகக் கூடியது அது. சரியானபின் லைசென்ஸுக்கு ஆபத்தில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை லோடு கிடையாது, எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறான் பையன். மாமா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அத்தையிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான்.