கால் புண்ணிலிருந்து தண்டுவடம் வரை: பத்தமடைக் கோரையும் டெட்டனஸ் நஞ்சும்

டெட்டனஸ் நோயை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி மண்ணில் கிடக்கும் பாக்டீரியா. பிராணவாயு உள்ள இடத்தில் அது வளராது. கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கொதிநீரில் சில நிமிடம் போட்டாலும் சாகாது. கால்நடைகளின் குடலிலும் இருப்பதால் சாணம் சேரும் மண்ணில் அதிகம். தாமிரபரணிப் பாசனத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் பத்தமடை, சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக எரு விழுந்த மண்ணே இருக்கிறது. அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களில் கோரை அறுப்பவர்களும் உண்டு.

பத்தமடைப் பாயின் வேலை சேற்றில் தொடங்குகிறது. கோரையைப் பச்சையாகத் தரையை ஒட்டி அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் தாளின் அடிக்கட்டை சாய்வாகக் கூராக நிற்கும். அடுத்த பிடி அறுக்க முன்னால் எடுத்து வைக்கும் கால் அதன்மேல்தான் இறங்குகிறது. வீட்டுக்கு வந்த தாளைப் பெண்கள் கத்தியால் நெட்டாகக் கீறி, உள்ளே வெள்ளையாக இருக்கும் சோற்றைச் சீவி எறிகிறார்கள். கை நிற்பதே இல்லை. விரல் நுனியில் பழையதும் புதியதுமாகக் கீறல்கள். வெயிலில் காய்ந்த கீற்றை ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப் போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஊடையாகக் கோக்கிறார்கள். பட்டுப்பாய்க்கு உரிய கீற்று நூல் அளவுக்கு மெலிந்தது. துணிபோல் மடங்கும் அந்தப் பாயைக் கையில் வாங்கும்போது, அதற்குப் பின்னால் இத்தனை கூர் முனைகள் இருப்பது யாருக்கும் தோன்றாது. இப்போது கோரையில் பெரும்பகுதி கரூர், முசிறிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. அறுப்பவரின் ஊர்தான் மாறியிருக்கிறது; கால் நிற்கும் சேறு மாறவில்லை.

காலைக் கிழித்த பெரிய வெட்டைவிட, மேலே ஒரு புள்ளிபோல் தெரிந்து உள்ளே ஆழமாகப் போன குத்துக் காயமே அதிக ஆபத்தானது. பெரிய வெட்டில் ரத்தம் ஓடி அழுக்கை வெளியே தள்ளும், காற்றும் படும். குத்துக் காயத்தில் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே நசுங்கிச் செத்த தசையில் பிராணவாயு இருக்காது. ஒடிந்த தாளின் துணுக்கும் மண்ணும் அங்கே தங்கிவிட்டால் வித்து முளைக்கிறது. பாக்டீரியா அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. அது சுரக்கும் நஞ்சு மட்டுமே பயணப்படுகிறது. மனிதரைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் போதும் என்பது மதிப்பீடு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 150 நானோகிராம். இந்த அளவு எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பக்கூடப் போதாது. அதனால்தான் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது.

அந்த நஞ்சு ஒரு புரதம். கனச் சங்கிலி, லேசான சங்கிலி என்ற இரண்டு பகுதிகளைக் கந்தகப் பிணைப்பு ஒன்று சேர்த்துப் பிடித்திருக்கிறது. வழி கண்டுபிடிப்பதும் வாசல் திறப்பதும் கனச் சங்கிலியின் வேலை; கெடுதல் செய்வது லேசான சங்கிலி. தசையைத் தொடும் நரம்பு நுனியின் சவ்வில் கேங்லியோசைடு என்ற கொழுப்பு மூலக்கூறுகள் உண்டு. கனச் சங்கிலி முதலில் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உள்ள நிடோஜன் புரதமும் இதற்குத் துணைபோவதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. செல் தன் தேவைக்காக வெளிப்பொருட்களைச் சவ்வுப் பையில் சுற்றி உள்ளே இழுப்பது வழக்கம். நஞ்சும் அப்படியே இழுக்கப்படுகிறது.

இங்கிருந்து நடப்பதுதான் டெட்டனஸை மற்ற நஞ்சுகளிலிருந்து பிரிக்கிறது. பெரும்பாலான பைகள் செல்லுக்குள் போனதும் அமிலமாகும். டிப்தீரியா நஞ்சுக்கு அந்த அமிலமே கதவைத் திறக்கும் சாவி. வந்த செல்லிலேயே அது வெளியேறி வேலையைத் தொடங்கிவிடும். டெட்டனஸ் நஞ்சு ஏறும் பை அமிலமாவதில்லை. ஆகவே நஞ்சு உருக்குலையாமல் பைக்குள்ளேயே இருக்கிறது. நரம்பு இழைக்குள் ஓடும் நுண்குழாய்கள்மேல் டைனீன் என்ற மோட்டார் புரதம் அந்தப் பையைத் தண்டுவடம் நோக்கிச் சுமந்து செல்கிறது. நரம்பு வளர்ச்சிக்கான செய்திப் புரதங்கள் தினமும் போகும் வழி அது. வேகம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு மைக்ரான், ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு. பாதத்திலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு மீட்டர் தூரம் என்றால், காயம் ஆறி மறந்துபோன பிறகு நோய் தலைகாட்டுவதன் காரணம் விளங்கும். பொதுவாக 3 முதல் 21 நாளுக்குள் அறிகுறி தெரிகிறது.

குத்தியது காலில் என்றாலும் முதலில் இறுகுவது தாடை. நஞ்சில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து உடலெங்கும் உள்ள நரம்பு நுனிகளுக்குப் போய்விடுகிறது. எல்லா நரம்பிலும் ஒரே சமயத்தில் பயணம் தொடங்குகிறது. தாடை நரம்பு குட்டையானது என்பதால் அதில் ஏறியது முதலில் சேருகிறது. வாய் திறக்க முடியவில்லை என்று வருபவரிடம், காலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது அதனால்தான்.

தண்டுவடத்தை அடைந்த நஞ்சு, வந்த நரம்பு செல்லை விட்டு வெளியேறி, அருகிலிருக்கும் தடுப்பு நரம்பு செல்லுக்குள் இரண்டாம் முறை நுழைகிறது. இங்கே அது ஏறுவது நரம்புச் செய்தி நிரப்பப்படும் பையில். அந்தப் பை அமிலமாகும். அமிலம் பட்டதும் கனச் சங்கிலி சவ்வில் செருகித் துளை போடுகிறது. லேசான சங்கிலி மடிப்புக் குலைந்து அதன் வழியாக வெளியே வருகிறது, கந்தகப் பிணைப்பும் அறுகிறது. பையைச் சவ்வோடு சேர்த்துச் செய்தியை வெளியே கொட்டவைக்கும் புரதம் சினாப்டோபிரெவின். அதில் 76-வது, 77-வது அமினோ அமிலங்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு பிணைப்பை லேசான சங்கிலி வெட்டுகிறது. துத்தநாகத்தின் துணையோடு நடக்கும் இந்த வெட்டை ஷியாவோ, மொண்டெகூக்கோ குழுவினர் 1992-ல் கண்டறிந்தார்கள்.

தசையை அடக்கி வைக்கும் கிளைசின், காபா செய்திகள் அதோடு நின்றுபோகின்றன. கை மடங்கினால் எதிர்த்தசை தளர வேண்டும். தளரச் சொல்ல ஆளில்லை. எல்லாத் தசையும் ஒன்றாக இறுகி, முதுகு வில்லாக வளைகிறது. வெளிச்சமோ ஓசையோ பட்டாலே வலிப்பு வரும், நினைவு மட்டும் தப்பாது. இந்த நோயின் மிகக் கொடிய அம்சம் அதுவே. டெட்டனஸுக்கு நெருங்கிய உறவான பாட்டுலினம் நஞ்சின் பி வகை அதே பிணைப்பை வெட்டுகிறது. ஆனால் அது தசையைத் தொடும் நரம்பு நுனியிலேயே தங்கிச் செயல்படுவதால் தசை துவண்டுபோகிறது. வெட்டு ஒன்று, வெட்டும் இடம் வேறு. காலரா நஞ்சின் வழி இன்னும் வேறு. 1959-ல் கல்கத்தாவில் எஸ். என். டே அந்த நஞ்சு இருப்பதை நிறுவினார். அது குடல் செல்லின் கோல்கி உறுப்பு தாண்டி, புரதம் மடியும் அறைவரை பின்னோக்கிப் போய், பழுதான புரதங்களை வெளியேற்றும் வழியாகத் தப்பிக்கிறது.

நரம்புக்குள் ஏறிய நஞ்சை எதிர்ப்பொருளால் தொட முடியாது. பெரிங், கிட்டாசாட்டோ 1890-ல் காட்டிய எதிர்நச்சு, ரத்தத்தில் மிதக்கும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். ஆகவே முன்கூட்டிப் போடும் ஊசிதான் உண்மையான காப்பு. பாரிஸில் காஸ்டன் ரமோன் 1920-களில் ஃபார்மலினும் சூடும் கொண்டு நஞ்சின் பல்லைப் பிடுங்கிய முறையே இன்றுவரை அதன் அடிப்படை. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களிலும், ஒன்றரை வயது வாக்கிலும், 5 வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் போடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் உண்டு. பச்சிளங் குழந்தைகளின் டெட்டனஸை இந்தியா ஒழித்ததை உலக சுகாதார நிறுவனம் 2015-ல் உறுதிசெய்தது.

பள்ளி தாண்டிய ஆண்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. கோரை கீறிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவரிடம் டி.டி. (TT) என்ற டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேட்டதும் சொன்னார்: “எங்களுக்குப் பிள்ளைத்தாச்சியா இருக்கும்போது போட்டாங்க. ஆம்பளைகளுக்கு யாரு போட்டா?” பத்தாண்டுக்கு ஒரு முறை ஊக்க ஊசி தேவை என்பதை மருத்துவம் சொல்கிறது, அறுப்பு வரப்புக்கு அதைக் கொண்டுபோகும் ஏற்பாடு வேண்டும்.

நோய் வந்துவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடமே கதி. இருட்டும் அமைதியும் உள்ள அறை, எதிர்நச்சு, புண்ணைத் திறந்து சுத்தம் செய்தல், தசை தளர மருந்து, தேவைப்பட்டால் செயற்கை சுவாசம். வலிப்பை அடக்க மக்னீசியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் முறையை இலங்கை மருத்துவர்கள் அட்டிகல, ரொட்ரிகோ 1997-ல் விவரித்தார்கள். நரம்பு தன் செய்திப் பாதையைப் புதுப்பித்துக்கொள்ளப் பல வாரம் ஆகும். காலில் கட்டை குத்திய அன்றே செய்ய வேண்டியவை எளியவை: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, துணுக்கை எடுத்து, மண்ணோ சாணமோ சாம்பலோ அப்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. போட்டுக்கொள்வது. 2019 முதல் அந்த ஊசி டிப்தீரியா தடுப்பு மருந்தையும் சேர்த்த Td ஊசியாகவே கிடைக்கிறது, பழைய பெயரில் கேட்டாலும் செவிலியர் அதைத்தான் போடுவார்.