ஓலைக் குடிலில் ஏழு நாட்கள்

 

எங்கள் மன்னார்புரத்தில் திருமண வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போடுவதையும், விருந்து முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். பிரிப்பதற்கென்றே ஒரு குடிலைக் கட்டி, அதையே இறைவணக்கமாகக் கொண்ட சமுதாயமும் உண்டு என்பதைக் கொச்சிப் பயணம் எனக்கு உணர்த்தியது.

திருச்சியில் இரவு ரயிலேறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, மட்டாஞ்சேரி சென்றேன். யூதத் தெருவின் கோடியில், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அதற்கு இடமளித்தார். காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். பள்ளிவாசலில் கால் வைப்பது போன்ற உணர்வே எனக்கு ஏற்பட்டது.

அம்மக்களின் கூடாரப் பண்டிகை திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் நடைபெறும். நமக்கு அது புரட்டாசி, ஐப்பசிக் காலம். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், உறுதியான வீட்டைவிட்டு வெளியேறித் திறந்தவெளிக் குடிலில் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட இலை தழைகளால் ஆனதாக இருக்க வேண்டும். துணியோ உலோகமோ ஆகாது. மரநிழலில் குடில் அமைக்கலாகாது. உயரம் 20 முழத்தைத் தாண்டலாகாது. வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இடுக்குகளின் வழியே விண்மீன்கள் தெரிவது நன்று. கடுமழை பெய்தால் வீட்டிற்குள் செல்லச் சலுகை உண்டு. கொச்சியில் கூரைக்குத் தென்னை ஓலையே உதவியது.

இவையெல்லாம் எதற்காக? மிஸ்ரிலிருந்து மீட்கப்பட்ட பனீ இஸ்ராயீல்கள் பாலைவனத்தில் வீடற்று அலைந்ததை நினைவுகூரவே. அப்போது அல்லாஹ் அவர்கள்மீது மேகத்தை நிழலிடச் செய்ததை அல்பகரா அத்தியாயத்தின் 57ஆம் வசனம் கூறுகிறது. குடில் குறிப்பது அந்த மேகத்தையே என்று யூத அறிஞர் சிலரும் உரைத்துள்ளனர்.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரில் ஒருவரான சாரா கோஹன் அம்மையார் 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைப் பெற்ற தாய்போல் பேணியவர் ஒரு முஸ்லிம் அன்பர். இன்று அத்தெருவில் கடைகள் நிறைந்திருக்கின்றன. குடில் கட்டத்தான் கைகள் இல்லை.

ஊர் திரும்பி இதை மத்ரஸாவில் கூறியபோது, "ஹஜ்ரத், பாலஸ்தீனத்தில் நம்மவர் படும் துயரத்திற்குப் பிறகும் இவர்களைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான வேதனைதான். அநீதியை அநீதி என்றே உரைப்போம். ஆனால் ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதும் திருமறையின் (5:8) கட்டளையல்லவா? அதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் கூரையும் பேரீச்ச ஓலையே. மழையில் அது ஒழுகி, ஸுஜூது செய்த அண்ணலாரின் நெற்றியில் ஈரமண் படிந்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கான்கிரீட் கூரையின்கீழ் நிம்மதியாக உறங்கும் நாம், இவ்வுலகில் வழிப்போக்கர்களே என்பதை மறந்துவிடுகிறோம். அதை மறவாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.