இருந்திருந்தால்...

“இருந்திருந்தால்” என்ற ஒரு சொல் எங்கள் வீட்டில் சென்ற நான்கு வருஷங்களாக நித்திய பாராயணமாகிவிட்டது. திருப்பூரில் என் தம்பிக்கு ஒரு சிறு பனியன் பட்டறை இருந்தது. அவனுடைய பின்னல் யந்திரத்துக்கு அயல்நாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு பாகம் வந்து சேரவில்லை. யந்திரம் நின்றது, ஆர்டர் போயிற்று, பின்னால் பட்டறையும் போயிற்று. “அது மட்டும் பத்து நாள் முன்னால் வந்திருந்தால்!” என்று தம்பி சொல்லாத நாளில்லை.

சென்ற ஞாயிறன்று அவன் மகன் என்னிடம் வந்தான். பிளஸ் டூ முடித்தவன்.

“பெரியப்பா! ஜெர்மானியரின் ஜெட் விமானம் இரண்டு வருஷம் முன்பே போருக்கு வந்திருந்தால், இரண்டாவது மகா யுத்தத்தின் முடிவே மாறியிருக்குமாமே?” என்றான்.

நான் சரித்திர உபாத்தியாயர். நடந்ததைச் சொல்லவே நேரம் போதாதபோது, நடவாததை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் அந்த விமானம் 1942 ஜூலையிலேயே ஜெட் எஞ்சினால் பறந்துவிட்டது. போர்முனைக்கு வந்ததோ 1944-ல். ஹிட்லரின் பிடிவாதமே தாமதத்துக்குக் காரணம் என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் எஞ்சின். உக்கிரமான வெப்பத்தைத் தாங்குவதற்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் ஜெர்மனியில் பஞ்சம். சாதாரண எஃகின்மேல் அலுமினியம் பூசி ஒப்பேற்றினார்கள். ஜூமோ 004 என்ற அந்த எஞ்சினின் ஆயுள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரந்தான்! சிறை முகாம்களில் அடிமைப்பட்ட மக்களைக் கொண்டு செய்யப்பட்ட அந்த விமானம் தாமதித்தது உலகத்தின் பாக்கியம்.

“ஆனால் தம்பி, அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நம் பெங்களூரில் நடந்தது, தெரியுமா?” என்றேன்.

ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற போர் விமானத்தை வகுத்தவர் குர்ட் டாங்க். உயரே செல்லச் செல்ல அதன் எஞ்சினின் பலம் குன்றியதால், யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வேறு எஞ்சினைப் பொருத்தினார். யுத்தம் முடிந்தபின் அர்ஜென்டினா சென்றவர், 1956-ல் இந்தியா வந்தார். அவரும் நம் இந்திய எஞ்சினியர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘மாருத்’, 1961 ஜூன் 17-ல் சுரஞ்சன் தாஸ் ஓட்ட, ஆகாயத்தில் எழுந்தது.

ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தை எண்ணி வகுத்த உடல் அது. அதற்கென்று நம்பியிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற பிரிட்டிஷ் எஞ்சின் கைவிடப்பட்டது. அதை முடிக்கும் செலவை நம் சர்க்காரும் ஏற்கவில்லை. பலம் குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டோடு மாருத் திருப்தியடைய நேர்ந்தது. ஒலியின் வேகத்தைத் தொடுவதே பிரயாசை! எகிப்தில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஓர் எஞ்சின் செய்துவந்தார். 1967-ல் அதையும் ஒரு மாருத்தில் வைத்துப் பறந்து பார்த்தார்கள். அந்த முயற்சியும் நின்றுபோயிற்று. நம்மிடமிருந்த எஞ்சினுக்கே பலம் கூட்டிய ஒரு மாருத்தைப் பரீட்சித்தபோது, 1970 ஜனவரியில், சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார்.

ஆயினும் 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லையில் மாருத் தன் கடமையைச் செய்தது. ஓர் எஞ்சின் பழுதாகியும் மற்றொன்றோடு வீடு திரும்பியவையும் உண்டு.

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பாவின் யந்திரம் மாதிரியே இருக்கிறதே, பெரியப்பா!” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. உடல் நம்முடையது, உயிர் கடன் வாங்கியது. 2018-ல் நம் பக்கத்துச் சூலூருக்கு வந்த ‘தேஜஸ்’ படைக்கும் அமெரிக்க எஞ்சின்தான். அதற்காக 1989-ல் அனுமதி பெற்ற நம் ‘காவேரி’ எஞ்சின் அந்த விமானத்தில் ஏறவில்லை.

அப்புறம் அவன் தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். உலோகவியல் படிக்கப் போகிறானாம்! அவனைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ப்பதென்று தம்பியும் நானும் முடிவு செய்திருந்தோம். பட்டறைக் கடன் இன்னும் தீரவில்லை. சீக்கிரம் சம்பளம் வரவேண்டும்.

“உங்களைப்போல் நானும் ‘இருந்திருந்தால்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டுமா?” என்று கேட்டான்.

சரித்திர உபாத்தியாயரிடம் அதற்குப் பதில் இல்லை. மறுநாள் தம்பியை அழைத்துப் பேசினேன். முதலில் கோபித்தான், பிறகு வெகுநேரம் மௌனமாயிருந்தான். கடைசியில் பேனாவைக் கேட்டான்.