தாத்தாவின் வானொலியும் நான் செய்த மின்வழங்கியும்

எங்கள் தாத்தாவின் வானொலிப் பெட்டிக்கு நான்கு பேட்டரிக் கட்டைகள் வேண்டும். விடியற்காலை முதல் அது பாடிக்கொண்டே இருப்பதால் ஓயாத செலவு. "இயற்பியல் படிக்கிறாயே, கரண்டில் ஓடும்படி செய்து கொடேன்" என்றார். தன்மானம் சும்மா இருக்குமா?

7806 ரெகுலேட்டர் ஒன்று, நான்கு டயோடுகள், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர். வேண்டியது 6 வோல்ட்தானே! மீட்டரும் சரியாக 6 காட்டியது. பெட்டியில் இணைத்து ஒலியைக் கூட்டியதும் ஒரே வண்டு ரீங்காரம். தாத்தா முகம் சுளிக்கவில்லை. "செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போலும்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றிரவுதான் கணக்குப் போட்டேன் (முதலிலேயே போட்டிருக்க வேண்டியது). 6 வோல்ட்டின் உச்சம் 8.5. பாலச்சுற்றில் இரு டயோடுகள் 1.4-ஐ விழுங்க, மிச்சம் 7.1. ரெகுலேட்டருக்கோ ஏறக்குறைய 8 வோல்ட் வந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, பெட்டி 0.2 ஆம்பியர் இழுத்தால், அடுத்த உச்சம் வருவதற்குள், அதாவது நொடியின் நூறில் ஒரு பங்கில், மின்தேக்கி 2 வோல்ட் வரை இறங்கிவிடும். சுமையில்லாதபோது சிறு டிரான்ஸ்பார்மர் கூடுதலாகவே தரும். அதை மீட்டரில் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மாற்றினேன். இறங்கும்போதும் 9-க்கு மேலேயே நின்றது. மிகுதி சூடாகத்தானே போக வேண்டும்? ஏறத்தாழ ஒரு வாட். பழைய அலுமினியத் தகடு ஒன்றை ரெகுலேட்டரின் முதுகில் திருகினேன்.

தாத்தா செய்தி முழுவதையும் கேட்டார். பிறகு கழற்றிய கட்டைகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

"கரண்டு போனால்?" என்றார்.