நிழலும் ஒரு சாட்சி

திரைப்படம் மாணவரின் நேரத்தைத் தின்னும் பேய் என்று பெற்றோர் கூட்டங்களில் பேசிப் பழகியவன் நான். அப்படிப்பட்ட என்னைச் சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் மூவர் தேடி வந்தனர். எங்கள் பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, இப்போது கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் படிப்பவர்கள். குறும்படம் ஒன்று எடுக்கப் போவதாகவும், இரவில் ஒரு வகுப்பறையையும் என் அறையையும் தந்து உதவ வேண்டும் என்றும் கேட்டனர்.

கதை சிறியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடை. கல்லாவில் இருந்த பணம் காணாமற்போகிறது. அங்கே பகுதிநேர வேலை செய்யும் மாணவன்மீது பழி விழுகிறது. முதலாளி, உடன் வேலை செய்பவர், மாணவனின் பாட்டி ஆகிய மூவரும் அன்று மாலை நடந்ததை மூன்று விதமாகச் சொல்கின்றனர். படம் முழுவதும் கறுப்பு வெள்ளை, பெரும்பகுதி இருட்டு.

எனக்கு உடன்பாடு தோன்றவில்லை. “நம் பிள்ளைகளைத் திருடர்களாகவும் குண்டர்களாகவும் காட்டுவோர் ஏற்கெனவே பலர் உளர். நீங்களும் ஒருவனைக் கொண்டுபோய் இருட்டில் நிறுத்த வேண்டுமா?” என்றேன்.

மூவருள் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இருட்டா இருக்கிறது அவன் இல்லைங்க ஐயா. அவனைப் பார்க்கிறவங்க கண்ணு.”

அந்த விடையின் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை. ஆயினும் அனுமதி தந்தேன். நானும் சிறிது படித்தேன். 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த குற்றக்கதைப் படங்கள் சிலவற்றுக்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் 1946இல் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்று பெயரிட்டனர். நிழலைக் கொண்டு அச்சத்தை உணர்த்தும் கலையை 1920ஆம் ஆண்டுகளின் ஜெர்மானியப் படங்கள் வளர்த்திருந்தன. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஹாலிவுட் சென்ற கலைஞர்கள் அதைத் தம்முடன் கொண்டு சென்றனர். சன்னல் தடுப்பின் நிழற்கோடுகள் ஒருவன் முகத்தில் விழுந்தால், சிறைக்கம்பி என்று எவரும் சொல்லாமலே பார்ப்பவன் உணர்வான்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லையா என்று மாணவர்கள் கேட்டனர். இருக்கிறது. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கி, 1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ அது. பாடலோ நடனமோ சண்டையோ அதில் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டிய கதை. தொடக்கத்திலேயே வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அவ்வேடத்தில் நடித்தவர் சிவாஜி கணேசன். விசாரணையில் ஒவ்வொருவரும் வேறொருவரைச் சுட்டுகின்றனர். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) போல, சொல்பவர் மாறும்போது நிகழ்ச்சியும் மாறுகிறது. மாருதிராவின் ஒளிப்பதிவில் ஒரே வீட்டின் சுவர்களும் நிழல்களும் நம் ஐயத்தை வளர்த்துக்கொண்டே செல்கின்றன. அப்படத்தை மாணவர்களுடன் அமர்ந்து பார்த்தேன்.

பிறகு படப்பிடிப்பு தொடங்கியது. குழல்விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை மேசைவிளக்கைச் சன்னல் கம்பிக்கு அப்பால் வைத்தனர். கைப்பேசியின் கேமரா இருளைக் கண்டதும் தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒளியளவைப் பூட்டி வைத்த பின்னரே நிழல் நிழலாக நின்றது. முதலாளி சொல்லும் காட்சியில் கேமரா மேலிருந்து நோக்க, மாணவன் சிறுத்துத் தெரிந்தான். பாட்டி சொல்லும் காட்சியில் அது அவன் கண்களுக்கு நேராக இறங்கி வந்தது.

முதல் ஒத்திகையில் ஒரு குறை கண்டேன். கம்பிநிழல் எல்லார் முகத்திலும் விழுந்தது. பாட்டியின் முகத்திலும் விழுந்தது. “சங்கப் புலவர் உள்ளுறையைக் கண்ட இடமெல்லாம் வைப்பதில்லை. தலைவி சொல்லக் கூசுவதை மரமும் பறவையும் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டுமே வைப்பர். உங்கள் நிழலும் அப்படித்தான் இருக்க வேண்டும்” என்றேன். மறுநாள் பாட்டி சாதாரண வெளிச்சத்தில் அமர்ந்திருந்தார். அவனை ஐயுறாத ஒருவர் அவர்தாம் என்பது வசனமின்றியே புலப்பட்டது.

இறுதியாக என் அறை. தலைமையாசிரியர் மாணவனை விசாரிக்கும் காட்சி. நடிக்க வேண்டியவர் வரும்வரை, ஒளியைச் சரிபார்ப்பதற்காக என்னை நாற்காலியில் அமரச் சொன்னார்கள். விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் மேசையைக் கடந்து, எதிரே நின்ற சிறுவனையும் மூடி, சுவரின் உச்சிவரை எழுந்தது. கைப்பேசித் திரையில் அதை எனக்குக் காட்டினார்கள். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் நான் இளம் ஆசிரியன். சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணவில்லை. ஒரு மாணவன் இன்னொருவனைச் சுட்டிக்காட்டினான். அந்த ஒரு சொல்லை நம்பி, வகுப்பின் முன்னே அச்சிறுவனை நிறுத்தி விசாரித்தேன். அவன் மறுத்தான், பிறகு அழுதான். அழுகையை ஒப்புதல் என்று கொண்டேன். சில வாரங்களில் அவன் குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. ஆண்டிறுதியில் பழைய வருகைப் பதிவேட்டுக்குள் அந்த உறை அப்படியே கிடந்தது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொன்ற பாண்டியனின் பிழையை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிரை விட்டான். நானோ உறையை எடுத்துப் பணத்தை எண்ணி, கணக்கில் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

படத்தின் முடிவில் பணத்தை எடுத்தவர் யார் என்று மாணவர்கள் காட்டவில்லை. பிரிக்பீல்ட்ஸின் ஈரமான ஐந்தடி நடைபாதையில் அச்சிறுவன் நடந்து போகிறான். கடைவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. முன்பு இருந்தவனாக நான் இருந்திருந்தால், விடை எழுதாத வினாத்தாள் என்று அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

திரைக்கலையை வகுப்பறையில் கற்பிக்கலாமா என்று என்னை இன்று கேட்போருக்கு, கற்பிக்கலாம் என்றே சொல்வேன். விளக்கை எங்கே வைப்பது என்று சிந்திக்கும் மாணவன், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்றும் சிந்திக்கப் பழகுகிறான். ஆசிரியர்க்கும் அந்தப் பயிற்சி தேவை. இப்போதெல்லாம் ஒரு பிள்ளைமீது புகார் வந்தால், நான் மேசைக்குப் பின்னால் அமர்வதில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சன்னலோரம் அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.