அம்மம்மாவின் வேதனம்

“எங்கட ஊரில் பிள்ளை வளர்க்க ஒரு சதம் செலவில்லை, நீங்கள்தான் பெற்ற பிள்ளையைக் காசு கொடுத்துப் பிறத்தியாரிடம் விடுகிறீர்கள்” என்று, யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்திருந்த உறவினர் ஒருவர் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவிலே பலர் கேட்கப் பிரஸ்தாபித்தார். விடியற்காலையிலேயே பிள்ளையை எழுப்பி, உடுப்பு மாற்றி, டே கெயாரில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டிய இளந்தாய்மார் சிலர் அங்கே இருந்தனர். மூத்தவர் வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்லலாகாது என்ற மரியாதையினால் அவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்கள் சொல்லாது விட்ட மறுமொழியைப் பேரப்பிள்ளை கண்ட வயதினனாகிய நான் சொல்வது கடமை என்று எண்ணுகிறேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாணத்தில், அரசின் திட்டத்திற் சேர்ந்த பராமரிப்பு நிலையங்கள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவிடும் அடிப்படைக் கட்டணம், 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேற்படலாகாது. மாதத்தில் 22 வேலைநாட்கள் என்று கொண்டால் 484 டொலர். அதே குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஒரு நானியை அமர்த்துவோமாயின், 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17 டொலர் 60 சதம் என்றிருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தையேனும் கொடுத்தாக வேண்டும். தாய் தந்தையரின் பிரயாண நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 50 மணிநேரம் என்றால், 44 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு வீதம் கூட்டி, மாதம் 4,000 டொலரைத் தாண்டிவிடும். ஓய்வூதிய நிதிக்கும் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் எசமானர் செலுத்தும் பங்கும், விடுமுறைச் சம்பளமும் அதற்கு மேலதிகம். 2020இல், ரொறன்ரோவிலே கைக்குழந்தைக்கான கட்டணம் மாதம் 1,800 டொலருக்கு மேற்பட்டிருந்த காலத்தில், இரண்டு மூன்று சிறுபிள்ளைகள் உள்ள வீட்டார் நானியா டே கெயாரா என்று இரவிரவாகக் கணக்குப் பார்த்தனர். இன்று, இடம் கிடைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

இந்த மாற்றம் எளிதில் வந்ததன்று. புளோரன்ஸ் பேர்ட் அம்மையார் தலைமை தாங்கிய அரச ஆணைக்குழு, நாடு தழுவிய பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று 1970இலேயே சிபாரிசு செய்தது. கியூபெக் மாகாணம், பொலீன் மறுவா அமைச்சராயிருந்த 1997இல், நாளுக்கு 5 டொலர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கி வழிகாட்டியது. மத்திய அரசு மாகாணங்களுடன் 2005இல் செய்த உடன்பாடுகளை அடுத்து வந்த அரசாங்கம் ரத்துச் செய்தது. பின்னர், கொள்ளைநோய் காரணமாகப் பராமரிப்பு நிலையங்கள் மூடுண்டு, வேலைக்குச் செல்லமுடியாமற் பெண்கள் வீட்டிலிருக்க நேர்ந்ததை நாடு கண்ணாரக் கண்ட பிறகே, 2021 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 3,000 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. ஒன்ராறியோ எல்லா மாகாணங்களுக்கும் கடைசியாக 2022 மார்ச்சில் கையெழுத்திட்டது. ஆகவே 22 டொலர் என்பது ஒரு குழந்தையைப் பராமரிக்கும் உண்மைச் செலவன்று. பிள்ளையில்லாதவர்களும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் வரியாகச் செலுத்தி, தாம் அறியாத ஒரு குழந்தையின் பாரத்திற் பங்கேற்பதனால் எஞ்சிய மிச்சமே அது. இந்தத் தேசத்திலே நான் கண்ட தர்மங்களுள் இதனைத் தலையாயதாகக் கருதுகிறேன்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு மூன்று பராமரிப்பாளர். பதினெட்டு முதல் முப்பது மாதம் வரை ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். அதற்கு மேல், பாலர் வகுப்பு வயது வரை, எட்டுப் பேருக்கு ஒருவர் என்று சட்டம் விதித்திருக்கிறது. எல்லாம் பூரணம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பமாயிருக்கும்போதே பெயர் பதிந்து காத்திருந்தும் இடம் கிடைக்காத தாய்மார் அநேகர். போதிய சம்பளம் இல்லாமையால் பயிற்சி பெற்றவர்கள் தொழிலை விட்டுப் போகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் உடனே வந்து கூட்டிப் போகும்படி அழைப்பு வருகிறது. அம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளை நான்கு வயதில் நல்ல தமிழ் பேசுகிறது. பகல் முழுவதும் நிலையத்தில் வளரும் பிள்ளையோ, வீட்டில் நாம் தமிழிற் கேட்டதற்கு ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கிவிடுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்யக்கூடிய சட்டம் எதுவும் இல்லை.

நம்மூரிலும் பொதுவான பராமரிப்பு இல்லாமலில்லை. மலையகத் தோட்டங்களிலே, கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஒப்படைத்துச் செல்வது, டே கெயார் என்ற பேச்சை நம்மவர் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே வழக்கமாயிருந்தது. ஆனால், அதே மலையகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதியுள்ள வீடுகளிலே பிள்ளை தூக்க வைத்ததும் நாம்தான். அச்சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, கையிற் சம்பளமும் இல்லை. கனடாவும் இவ்விஷயத்திற் குற்றமற்றதன்று. 1992 முதல் 2014 வரை, பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களை வரவழைத்து, இரண்டாண்டுகள் எசமானர் வீட்டிலேயே தங்கி உழைத்த பின்பே நிரந்தர வதிவுரிமை கோரலாம் என்று விதித்திருந்தது. தம் பிள்ளைகளைத் தாய்நாட்டில் விட்டுவிட்டு வந்து பிறர் பிள்ளைகளை அவர்கள் சீராட்டினார்கள். எனினும் அவர்களது மணிக்கணக்கும் கூலியும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. மோசம் போனவர்கள் முறையிட ஒரு வாசல் இருந்தது. நம் வீட்டுச் சிறுமிக்கு அந்த வாசல் இருக்கவில்லை. ஒரு சதம் செலவில்லை என்று பெருமை பேசும் கணக்கில் அவளது பால்யம் எழுதப்படாமலே போயிற்று.

இனி, என் மனத்தை மற்றெல்லாவற்றையும் விட அதிகமாக வருத்துகின்ற விஷயத்துக்கு வருகிறேன். டே கெயாரில் இடமில்லை, நானிக்கு வசதியில்லை என்ற நிலையில் நமது குடும்பங்கள் கண்ட உபாயம் ஊரிலிருந்து அம்மாவை அழைப்பது. 2011இல் ஏற்பட்ட சூப்பர் விசாவின்படி, குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தாய் தந்தையரை வரவழைக்கலாம். 2022 முதல் ஒரே தடவையில் ஐந்தாண்டு தங்கவும் அனுமதியுண்டு. இது நல்ல ஏற்பாடே. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் பாக்கியத்துக்கு விலை மதிக்க எவராலும் இயலாது. ஆயினும் நடைமுறையில் நடப்பதென்ன? காலை ஏழு மணிக்கு மகளும் மருமகனும் வெளியேறினால், மாலை ஆறு மணி வரை, அறுபத்தைந்து எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், முழங்கால் நோவோடு இரண்டு பிள்ளைகளையும் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்து, இடையில் சமையலும் முடித்து வைக்கிறார். வேலை அனுமதியின்றி வந்தவராகையால் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாகாண மருத்துவக் காப்புறுதி அவருக்கில்லை. வாங்கிய காப்புறுதியோ பழைய வியாதிகளுக்குப் பெரும்பாலும் கை கொடுப்பதில்லை. பாஷை தெரியாது, பஸ் தெரியாது, குளிர்காலத்தில் வாசற்படி தாண்டவும் தெரியாது. ஊரிலே கோயில், சந்தை, அயல் வீடு என்று நாலு பேரோடு பேசிப் பழகியவர், இங்கே பேரப்பிள்ளை உறங்கும் பகற்பொழுதில் யன்னலுக்கு அப்பால் மனித முகம் காணாமல் இருக்கிறார்.

ஒரு நானி இதே வேலையைச் செய்திருந்தால் மாதம் 4,000 டொலர் கொடுத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை அவளை வேலை வாங்கியிருக்க மாட்டோம். முதுகு நோகிறது என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அந்நியப் பெண்ணுக்குச் சட்டத்துக்கு அஞ்சிக் கொடுக்கின்ற ஓய்வை, அன்பினால் வந்த தாய்க்குக் கொடுக்க நமக்கு நினைவு வருவதில்லை. “அவவுக்கு அதுதானே சந்தோஷம்” என்கிறோம். சந்தோஷம் உண்மைதான், களைப்பும் அவ்வளவு உண்மை. ஊரில் செலவில்லாமற் பிள்ளை வளர்ந்தது என்று சொல்பவர்களும், இங்கே அம்மா வந்ததால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று மகிழ்பவர்களும், ஒரே பெண்ணின் உழைப்பைத்தான் கணக்கிலிருந்து அழிக்கிறார்கள்.

ஆகையால், பிள்ளையை டே கெயாருக்கு அனுப்பும் தாய்மாரே, நீங்கள் எந்த அவமானத்துக்கும் உரியவர்களல்லர். தலை நிமிர்ந்து இருங்கள். தாயை அழைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இடம் கிடைத்தால், மூன்று நாளேனும் குழந்தையை நிலையத்தில் விட்டு, மிச்ச நாட்களில் மட்டும் அம்மாவிடம் விடுங்கள். சனி ஞாயிறுகளில் அவர் கையில் பிள்ளையைக் கொடாதீர்கள். அவர் வந்ததனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, கேளாமலே, ஊரில் அவர் பேரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் அனுப்புங்கள். அவர் திரும்பிப் போக விரும்பும் நாளில், மறுபேச்சின்றி விமானச் சீட்டை எடுத்துக் கொடுங்கள்.