மழைக்காலத்தில் ஓர் அச்சு யந்திரம்

அக்டோபர் 16

பள்ளிக் காரியாலயத்து லேஸர் பிரிண்டர் இன்று காலை முதல் ஒரு தாளும் அச்சிடவில்லை. மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தோடு மாலைக்குள் சான்றிதழைச் சேர்க்க வேண்டிய ஓர் அம்மாள் வராந்தாவில் காத்திருந்தார். "ஸார், பிரிண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது" என்று எழுத்தர்ப் பெண் கலங்கிப் போய் வந்து நின்றாள். இத்தகைய சமயங்களில் மேலும் மேலும் பிரிண்ட் கொடுப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. ஆனால் கம்ப்யூட்டர் எந்தக் கோப்பையும் நேரே யந்திரத்தினிடம் ஒப்படைப்பதில்லை. ஸ்பூலர் என்னும் இடைநிலை ஏற்பாடு ஒன்று அதை வாங்கி எழுதி வைத்து, வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக அனுப்புகிறது. ஆகையால் வரிசையின் முதலில் நிற்கும் கோப்பு பழுதுபட்டு நின்றுவிடுமாயின், பின்னால் வருபவை எத்தனையானாலும் அதன் பின்னே தேங்கிக் கிடக்குமேயன்றி ஒன்றேனும் வெளிவராது.

முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, யந்திரத்தின் மேலுள்ள பொத்தானை அழுத்திச் சோதனைத் தாள் எடுக்கச் சொன்னேன். எழுத்துக்கள் பளிச்சென்று வந்தன. யந்திரம் நிரபராதி என்பது இதனால் நிச்சயமாயிற்று. பிறகு ஸ்பூலர் ஸர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் ஸிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று இருக்கும் அறையைக் காலி செய்து, ஸர்வீஸை மறுபடி துவக்கி, கேபிளை மாட்டி, ஒரே ஒரு முறை பிரிண்ட் கொடுத்தோம். சான்றிதழ் வந்துவிட்டது, அம்மாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், கம்ப்யூட்டர், வரிசை, கேபிள், தாள், எழுத்தைத் தாளில் ஒற்றும் உருளையான டிரம் என்று நீளும் அந்தப் பாதையில் கெட்டது எந்த ஸ்தானம் என்று விசாரிக்கும் பொறுமை நம் காரியாலயங்களில் வளர வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். ஏனெனில் அந்த விசாரணை இல்லாமையால் ஒரு நாளை இழப்பவர்கள் காரியாலயத்தார் அல்ல, வராந்தாவில் நிற்பவர்கள்.

அக்டோபர் 18

ஆசிரியர் அறையின் வைஃபை பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டிற்று. இரவு மின்சாரம் போய் வந்ததில் ரௌட்டர் அதற்குப் புதிய ஐபி எண்ணைக் கொடுத்திருக்க, கம்ப்யூட்டரோ, குடியிருந்தவர் காலி செய்துபோன வீட்டின் கதவைத் தட்டுபவரைப் போல, பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருந்தது. ரௌட்டரில் அந்த யந்திரத்துக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன்.

அக்டோபர் 21

விடாத மழை. காலை முதல் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சும் ஸ்வபாவம் உடையது. பிரித்த கட்டு ஐப்பசி மழையில் இரண்டு நாள் திறந்து கிடந்தாலே ஓரங்கள் அலைபோல் நெளிந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்றாக உள்ளே போகின்றன. போதாததற்கு, உள்ளே டோனர் என்னும் மைப்பொடியைத் தாளில் பதியச் செய்யும் உருளையின் உஷ்ணம் ஏறக்குறைய 200 டிகிரி செல்ஸியஸை எட்டுவதால், ஈரத் தாள் அங்கே சுருண்டு வெளிவாயிலில் மாட்டிக்கொள்கிறது. புதுக் கட்டைப் பிரித்து, தாள்களை விசிறி ஓரம் சேர்த்து வைத்தபின் சிக்கல் பெரும்பாலும் நீங்கிற்று.

சிக்கிய தாளை எடுக்கும்போது யந்திரத்தை அணைத்து, சூடு ஆறவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, தாள் செல்லும் திசையிலேயே மெல்ல இழுக்க வேண்டும். ஆத்திரத்தில் ஒரு மூலையைப் பற்றி இழுத்தால் கிழிந்து தங்கும் சிறு துண்டு தாளை உணரும் நெம்புகோலின் அடியில் புகுந்துகொண்டு, பாதை காலியாக இருக்கையிலும் 'ஜாம்' என்றே சொல்ல வைக்கும். தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளை தூசியினால் வழவழப்பாகியிருந்தது. நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து உலரவிட்டேன்.

அக்டோபர் 22

மதிப்பெண் அட்டைகளில் அச்சிட்ட எழுத்து விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறதென்று வகுப்பாசிரியர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். 1938-ஆம் வருஷம் இதே தேதியில்தான், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்ஸன் என்பவரும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து ஒளி பாய்ச்சி, லைகோபோடியப் பொடியைத் தூவி, ஒட்டிய பொடியை மெழுகுத் தாளில் எடுத்துச் சூடேற்றிப் பதியச் செய்தார்கள். தேதியையும் ஊரையும் தாங்கிய அந்தச் சிறு தாளிலிருந்தே ஜெராக்ஸும் லேஸர் பிரிண்டரும் பிறந்தன. மின்சாரம் பொடியைத் தாளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே அதை நிலைநிறுத்துவது உஷ்ணமே. எங்கள் அட்டை கனமானதாக இருக்க, கம்ப்யூட்டரில் தாள் வகை சாதாரணம் என்றே குறிக்கப்பட்டிருந்ததால் உருளை அதற்குப் போதிய சூட்டைத் தரவில்லை. தடித்த தாள் என்று மாற்றினோம். எழுத்து உறுதியாகப் பதிந்தது. சாதாரணத் தாளிலும் உதிருமானால் சூட்டு உருளையே பழுது. அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும்.

அக்டோபர் 25

தாளின் இடப்புறத்தில் ஒரே நேர்க்கோட்டில், சமமான இடைவெளிகளில் கரும்புள்ளிகள். ஸ்கேலை வைத்து அளந்தால் 75 மில்லிமீட்டருக்கு ஒன்று. இந்த யந்திரத்து டிரம்மின் குறுக்களவு 24 மில்லிமீட்டர். ஆகவே அதன் சுற்றளவும் சுமார் 75. உள்ளே உள்ள ஒவ்வோர் உருளைக்கும் வேறு வேறு சுற்றளவு இருப்பதால், தாளில் தோன்றும் இடைவெளியே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறது! இந்த எளிய கணிதத்தை அறியாமல் யந்திரத்தையே மாற்றச் சொல்பவர்களைக் கண்டு நான் மிகவும் வருந்துகிறேன். டிரம் அடங்கிய கார்ட்ரிட்ஜை மாற்றினோம். பழையதைக் கழற்றுகையில் எழுத்தர்ப் பெண்ணுக்கு ஒன்று சொல்லி வைத்தேன்: நல்ல டிரம்மை வெளிச்சத்தில் விட்டுவைக்கக் கூடாது, விரலால் தொடவும் கூடாது, ஒளியை உணர்வதே அதன் தொழில்.

அக்டோபர் 29

பெற்றோர் கூட்டத்துச் சுற்றறிக்கை திரையில் அழகாகத் தெரிந்தும், தாளில் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது. ஆங்கிலத்துக்கு யாதொரு குறையுமில்லை. எழுத்துரு அந்தப் பிடிஎஃப் கோப்புக்குள் பதிக்கப்படாததே இதற்குக் காரணமாயிருக்கும் என்று ஊகித்து, அச்சிடும் ஜன்னலின் உயர்நிலை அமைப்பில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தோம். பக்கம் முழுவதும் ஒரு படமாகவே சென்றதால் மெதுவாக, ஆனால் பிழையின்றி வந்தது. இது அவசரத்துக்கு மட்டுமே உதவும். கம்ப்யூட்டரிலுள்ள பழைய சுற்றறிக்கைக் கோப்புகள் எல்லாம் அந்தந்தக் காலத்து எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவற்றை வாசிக்கவே முடியாது. நாளை முதல் அவற்றை யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றத் தொடங்குகிறோம். மாற்றுச் சான்றிதழ்ப் படிவத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்படி எழுத்தர்ப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.